போற கரண்டு

நாகம்மாள் வாயைத் திறந்து யாரிடமும் எதையும் கேட்கிறவள் இல்லை. என் கடைக்கு வந்தால்கூட, பின்னால் வந்தவர்கள் எல்லாரும் வாங்கிக்கொண்டு போகிற வரைக்கும் ஓரமாக நின்றுகொண்டிருப்பாள். "இன்னாடி வேண்டுதலா? வாயத் தொறந்து கேளேன்" என்று நான்தான் கத்த வேண்டும். எனக்குத் தெரிந்து அவள் இரண்டே தடவைதான் கேட்டாள். முதல் தடவை கேட்டது இன்றைக்கும் அவள் தலைக்கு மேலே நிற்கிறது.

நான் ஷரீஃபுன்னிசா. செஞ்சியிலிருந்து மேல்சித்தாமூர் போகிற சாலையில் எங்கள் மளிகைக் கடை. வீட்டுக்காரர் ஜான் பாஷா திண்டிவனம் போய்ச் சரக்கு எடுத்து வருவார். கடையில் உட்காருவதும் ஊர்ச் சண்டையை விலைக்கு வாங்குவதும் என் வேலை. கடைக்கு எதிரே கோவிந்தசாமியின் தென்னந்தோப்பு. தோப்பை ஒட்டி அவருடைய கிணற்றுக் கொல்லை. மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு குடிசை போட்டு, அதில் நாகம்மாளையும் அவள் புருஷன் தங்கராசுவையும் மகள் மங்கையையும் வைத்திருந்தார்.

வாடகை கிடையாது. அதற்குப் பதிலாக அவர் வீட்டிலிருந்து எப்போது குரல் வந்தாலும் ஓட வேண்டும். மாட்டுக்கு வயிறு உப்பினால் ஓட வேண்டும், விருந்தாளி வந்தால் ஓட வேண்டும், சும்மா கூப்பிட்டாலும் ஓட வேண்டும். சொந்தக்காரர் சாவுக்குப் போவதென்றாலும் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். காலனியில் தங்கராசுவின் அப்பா விட்டுப்போன குடிசையை அண்ணன் தம்பிகள் பங்கு போட்டதில் இவர்களுக்கு ஒரு மூலைகூட மிஞ்சவில்லை. போக்கிடம் இல்லாமல் வந்தவர்கள். கோவிந்தசாமி அடிக்கிறவர் இல்லை, கெட்ட வார்த்தை பேசுகிறவரும் இல்லை. அதை ஊரில் பெரிய குணமாகச் சொல்வார்கள். கட்டிப் போட்ட மாட்டை எவன் மெனக்கெட்டு அடிப்பான்?

நாகம்மாள் அவரை 'ஆண்டே' என்பாள். அவள் மாமியார் அப்படித்தான் கூப்பிட்டாள், தங்கராசுவும் அப்படித்தான் கூப்பிட்டான். வாக்கியத்துக்கு வாக்கியம் ஆண்டே இல்லாமல் அவரிடம் பேச்சு முடியாது. ஒரு நாள் கடையில் ஆள் இல்லாத நேரம் என்னிடம் சொன்னாள்.

"பாயம்மா, எங்க வாயிலதான் அது ஒட்டிக்கினு போச்சு. மங்கை வாயில அந்த வார்த்த வரக்கூடாது. அவ அந்த வூட்டு சாணிய அள்ளக்கூடாது. அதுக்குள்ள நாங்க சொந்தமா ஒரு கூரை போட்டுக்கினு போயிடணும்."

மங்கைக்கு அப்போது எட்டு வயது இருக்கும். கடைக்கு வந்தால் சாமான் கட்டின காகிதத்தை எல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் போவாள். 

கவர்மெண்டு எண்பத்தொன்றில் நிலமில்லாதவர்களுக்குக் கொல்லை கொடுத்தபோது நாகம்மாள் பேருக்கும் அரை ஏக்கர் வந்தது. தோப்புக்கு அந்தாண்டை, பாறைக்கும் ஓடைக்கும் நடுவே நீளமாக ஒரு துண்டு. கண்டிஷன் பட்டா. உழுது பிழைக்கலாம், விற்கக்கூடாது. விற்கிற எண்ணம் யாருக்கு இருந்தது? புருஷனும் பெண்டாட்டியும் ஆண்டே வீட்டு வேலை முடிந்த நேரத்தில் போய்க் கல் பொறுக்கினார்கள். பொறுக்கப் பொறுக்கக் கல் முளைக்கிற பூமி அது. ஒரு வருஷம் பொறுக்கி, மல்லாட்டை விதைத்தார்கள், வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

கொல்லைக்கு நடுவில் ஒரு மேடு. மழை பெய்தால் ஓடைப் பக்கம் முழங்கால் தண்ணீர் நிற்கும், இந்தப் பக்கம் பாறை. வீடு கட்ட அந்த மேட்டை விட்டால் இடம் கிடையாது. பொறுக்கின கல்லை வைத்தே அங்கே வீட்டுக்குக் கோடு போட்டிருந்தாள். ஒரு நாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். இது அடுப்பு, இது படுக்கிற இடம், இது மங்கை உட்கார்ந்து படிக்கிற மூலை.

"இங்க சுச்சு" என்று காற்றில் விரலை வைத்தாள்.

சுவரே இல்லை, சுவிட்சுக்கு இடம் பார்த்துவிட்டாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் அந்த நாளில் எங்கள் பக்கம் எல்லாருக்குமே அந்தப் பைத்தியம்தான். கம்பம் நட்டால் விளக்கு வரும், விளக்கு வந்தால் ஊர் ஊராகிவிடும் என்று நினைத்த காலம். என் கடையிலேயே அரிக்கேன் விளக்குதான்.

அடுத்த வருஷம் அளக்கிற ஆட்கள் வந்தார்கள். கையில் சங்கிலி, சிவப்புக் கொடி கட்டின கழி. கோட்டை மலைக்குப் பின்னாலிருந்து கொடி நட்டுக்கொண்டே வந்து, கோவிந்தசாமியின் தோப்புக்குள் நுழைந்தார்கள். பெரிய லைன் வரப்போகிறது, நடுவில் இருக்கிற தென்னையை எல்லாம் வெட்டியாக வேண்டும் என்றார்கள். கோவிந்தசாமி அவர்களோடு சண்டை போடவில்லை. உட்கார வைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார். மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடலூர் கரண்டு ஆபீசுக்குப் பஸ் ஏறிவிட்டார். ஆட்சேபணை என்று ஒன்று இருக்கிறது, அதைக் கம்பம் நடுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கு அந்த வார்த்தையே தெரியாது.

தோப்பிலிருந்த கொடியைப் பிடுங்கினார்கள். அதைப் பார்த்ததும் நாகம்மாள் பதறிப்போனாள், வந்த கரண்டு திரும்பிப் போகிறதே என்று. கிணற்றடியில் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினாள். வேகவைத்த பச்சை மல்லாட்டையை முறத்தில் அள்ளிக்கொண்டு, ஜீப்புக்குப் பின்னால் அவள் ஓடின ஓட்டத்தை என் கண்ணால் பார்த்தேன். ஜீப் என் கடை வாசலில்தான் நின்றது. இஞ்சினியர் இறங்கினார். நல்ல பையன், மூக்குக் கண்ணாடி போட்டிருந்தான்.

"சார், அவுரு வேணான்னா போவட்டும் சார். எங்க கொல்ல பக்கத்துலயே இருக்குது. அங்க வுடுங்க சார்" என்றாள் மூச்சு வாங்க.

இஞ்சினியருக்கு நம்ப முடியவில்லை. லைன் போடப் போகிற இடத்தில் எல்லாம் அரிவாளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைத்தான் பார்த்திருப்பார் போல. "உங்க நிலத்துலயா? ஆட்சேபணை இல்லையே?"

"அப்டினா இன்னா சார்?"

"தடை சொல்லமாட்டீங்களே?"

"கரண்ட்ட போய் யாராவது வேணாம்பாங்களா சார்" என்று முறத்தை நீட்டினாள். அவர் ஒரு கை அள்ளிக்கொண்டார். கூட வந்தவர்களும் அள்ளிக்கொண்டார்கள். எனக்கும் சந்தோஷம்தான். நாகம்மாளுக்கு வாய் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறாள் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

அளந்து பார்த்து அவள் கொல்லை வழியாகவே கொடி நட்டார்கள். அன்று என் கடையில் பொட்டுக்கடலையும் சர்க்கரையும் வாங்கிக் காலனிப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தாள். எங்கள் கொல்லைக்குக் கரண்டு வருகிறது என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள்.

டவர் ஏறியது. சாதாரணக் கம்பம் இல்லை, நாலு கால் வைத்த இரும்பு டவர். ஒரு டவர் ஓடைக்கு அந்தாண்டை, இன்னொன்று பாறைக்கு இந்தாண்டை, நடுவில் கம்பி. ஆட்கள் கம்பி இழுத்தபோது பூ விட்டிருந்த மல்லாட்டை எல்லாம் மிதிபட்டுப் போனது. அதற்கு ஏதோ நஷ்ட ஈடு கொடுத்தார்கள். அதற்குக்கூட அவள் முகம் சுளிக்கவில்லை. கல்யாண வீட்டில் கோலம் அழியத்தானே செய்யும் என்பது மாதிரி நின்றாள். எல்லாம் முடிந்து ஆட்கள் கயிற்றைச் சுருட்டும்போதுதான் மேஸ்திரியிடம் போய்க் கேட்டாள்.

"எங்களுக்கு எங்க எறக்குவீங்க?"

மேஸ்திரிக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்காமல் சொன்னார், நல்ல மனுஷன். "இது வர்ற கரண்டு இல்லம்மா. போற கரண்டு. இங்க எறங்காது."

"பின்ன யாருக்கு?"

"எங்கியோ ஒரு ஊருக்கு. எனக்கே தெரியாது."

என்னிடம் வந்து அதை அப்படியே சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் படிக்கல்லைத் தூக்கித் தராசில் போட்டேன். அவள்தான் என்னைச் சமாதானப்படுத்தினாள். "கரண்டு இல்லாட்டி போவுது பாயம்மா. இத்தினி நாளு இல்லாமதான இருந்தோம். வூட்டக் கட்டிக்கினு போயிடுவோம்."

மண் குழைத்துச் சுவர் வைத்தார்கள். முட்டி உயரம் வந்திருக்கும், ஜீப் வந்துவிட்டது. கம்பிக்குக் கீழே வீடு கட்டக்கூடாது, கம்பிக்கு இரண்டு பக்கமும் இத்தனை தூரம் கட்டக்கூடாது, மரம் வளர்க்கக்கூடாது என்றார் வந்தவர். அந்தத் தூரத்துக்குள் மேடு முழுக்க அடங்கிப்போனது. ஆபத்து என்று அவர் சொன்னது பொய்யில்லை. மழை நாளில் அந்தக் கம்பி தேனீக்கூடு மாதிரி இரையும், கேட்டிருக்கிறேன்.

"எங்க கொல்லைதான சார்?" என்று கேட்டான் தங்கராசு.

"உங்க கொல்லைதாம்பா. யாரு இல்லன்னா? மல்லாட்டை போடு, கம்பு போடு. மேல போறதுக்கு மட்டும்தான் எங்களுக்கு உரிமை."

தரை உனக்கு, ஆகாயம் எனக்கு என்று பங்கு போடுகிற நியாயத்தை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். தரையில் படுத்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்க்காமல் இருக்க முடியுமா? நாகம்மாளை இழுத்துக்கொண்டு நானே கடலூருக்குப் போனேன். கோவிந்தசாமி போய்வந்தால் கொடி நகரும், நாம் போனால் நகராதா என்கிற வீம்பு எனக்கு. வீட்டுக்காரர் "உனக்கு எதுக்கு இந்த வேலை" என்றார். கடையை நீங்கள் பாருங்கள் என்று சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

அங்கே ஒரு பெரிய அதிகாரி. எங்களை உட்காரச் சொன்னார். நாகம்மாள் உட்காரவில்லை. அவர் கோபப்படவே இல்லை, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கத்துகிற ஆளிடம் நானும் கத்தலாம், மெதுவாகப் பேசுகிறவரிடம் என்ன செய்வது? வெள்ளைக்காரன் தந்திக் கம்பி போட்ட காலத்துச் சட்டம், அதுதான் கரண்டு கம்பிக்கும் என்றார். யார் நிலத்துக்கு மேலேயும் போகலாம், நிலத்தை வாங்க வேண்டியதில்லை, அழிந்த பயிருக்கும் மரத்துக்கும் கொடுத்தால் போதும். ஆட்சேபணை இருந்தால் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். இப்போது நகர்த்த வேண்டுமென்றால் செலவை நிலத்துக்காரர்தான் ஏற்க வேண்டும்.

"இவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. கேக்காம கொள்ளாம போட்டுட்டாங்க" என்றேன். கூசாமல்தான் சொன்னேன்.

அங்கே ஓரமாக அந்த இஞ்சினியரும் இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நாகம்மாளைப் பார்த்தார். "இல்ல சார். இந்தம்மாதான் எங்களைத் தேடி வந்து, எங்க நிலத்துல போடுங்கன்னு கேட்டாங்க."

அதிகாரி அவளைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

நான் அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். அவள் அசையவில்லை. "ஆமாங்க. நான்தான் கூப்ட்டேன்" என்றாள்.

அவ்வளவுதான். அதற்குமேல் அங்கே பேச என்ன இருக்கிறது. கிளம்பி வந்துவிட்டோம். பஸ்ஸில் ஏறினதும் பிடித்துக்கொண்டேன். "ஒரு பொய்யி சொன்னா உன் வாயி வெந்தா போவும்? இல்லன்னு தலைய ஆட்டுறதுக்கு இன்னாடி உனக்கு?"

"நான்தான கூப்ட்டேன் பாயம்மா. மல்லாட்ட குடுத்து கூப்ட்டேன். அவுருக்கும் நெனப்பு இருக்குது. எப்டி இல்லன்றது?"

பண்ருட்டி தாண்டின பிறகு அழ ஆரம்பித்தாள். விழுப்புரம் வரைக்கும் அழுதாள். அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

கட்டவும் முடியாது, விற்கவும் முடியாது. கொல்லை இருக்கிறவர்கள் என்று பேர் ஏறிவிட்டதால், தங்கராசு மனைக்கட்டு கேட்டுப் போன இடத்தில் உங்களுக்குத்தான் நிலம் இருக்கிறதே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமி கொடுத்த வரமே கழுத்துக் கயிறாகிவிட்டது. மறுபடியும் ஆண்டே குடிசைதான். கோவிந்தசாமி ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை. சொந்த வீடு கட்டிக்கொண்டு போகப்போகிறோம் என்று தங்கராசு அவரிடம் முன்பே சொல்லித் தொலைத்திருந்தான். "எங்க போவப் போறீங்க, இருங்க" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு கூப்பிடுகிற குரல் கொஞ்சம் அடிக்கடி வந்தது.

மேஸ்திரி சொன்ன வார்த்தை எங்கள் சாலையில் பழமொழியாகிவிட்டது. நிறுத்தாமல் போகிற எக்ஸ்பிரஸ் பஸ்ஸைப் பார்த்தால் "அது போற கரண்டுடா" என்பான் ஒருவன். ரேஷன் சர்க்கரை வந்த அன்றே தீர்ந்தால் "போற கரண்டு, இங்க எறங்காது" என்பான் இன்னொருவன். நாகம்மாள் நிற்கும்போதே சொல்வார்கள். அவள் கேட்டும் கேட்காத மாதிரி நிற்பாள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன.

இப்படியே வருஷம் ஓடி எண்பத்தேழு வந்தது. குடிசைக்கு ஒரு விளக்கு இனாம் என்று ஆட்கள் வந்தார்கள். இடத்துக்குச் சொந்தக்காரர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். கோவிந்தசாமி பேனாவைக் கேட்டு வாங்கிப் போட்டார். மோட்டார் கொட்டகைக் கம்பத்திலிருந்தே ஒயர் இழுத்து, கூரைக்குக் கீழே ஒரு பல்பைத் தொங்கவிட்டார்கள். தங்கராசு சுவிட்சைப் போடுவதும் நிறுத்துவதுமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். நாகம்மாள் பல்பைப் பார்க்கவில்லை, சுவிட்சைப் பார்த்தாள்.

"இது வர்ற கரண்டா, போற கரண்டா?" என்று ஒயர்மேனைக் கேட்டாள்.

"வர்ற கரண்டுதாம்மா, பாரு எரியுது" என்றான் அவன்.

"வந்து இன்னா பண்றது. போவ வேண்டியவ நானு" என்றாள். அவனுக்குப் புரியவில்லை. வாசலில் நின்ற எனக்குப் புரிந்தது.

மறுநாளே கோவிந்தசாமியின் சம்சாரம் சுந்தராம்பாள் ஆள் அனுப்பினாள். மங்கை காலையில் வந்து வாசலும் கொட்டிலும் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகட்டும், ராத்திரி படிக்கத்தான் லைட்டு போட்டுக் கொடுத்திருக்கிறோமே என்று. தங்கராசு சரி என்று சொல்லிவிட்டான். அவனை நான் திட்டாத திட்டு இல்லை. ஆனால் அவன்தான் என்ன செய்வான், இருக்கிற கூரை அவர்களுடையது.

மங்கை போனாள். எட்டாவது படிக்கிற பெண். முதலில் வாசல், பிறகு கொட்டில், பிறகு பத்துப் பாத்திரம். பள்ளிக்கூட மணி அடித்த பிறகு என் கடையைத் தாண்டி ஓடுவாள்.

ஒரு காலையில் கடையில் நல்ல கூட்டம். நாகம்மாள் வழக்கம்போல ஓரமாக நின்றாள். மங்கை ஓடி வந்தாள், கையெல்லாம் சாணி, அம்மா நிற்பதைப் பார்க்கவில்லை. 

"பாயம்மா, ஆண்டே வூட்டுக்கு சீயக்கா கேட்டாங்க" என்றாள்.

நான் அளந்த சாமானை அப்படியே விட்டுவிட்டு நாகம்மாளைப் பார்த்தேன். அவள் முகத்தை நான் சொல்லமாட்டேன். மங்கை சீயக்காயை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டாள். நாகம்மாள் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். அத்தனை வருஷத்தில் அவள் யாரையும் முந்திக்கொண்டு வந்து நான் பார்த்ததில்லை.

"பாயம்மா, திண்டிவனத்துல பொம்பளப் புள்ளைங்க தங்கிப் படிக்கிற ஹாஸ்டலு இருக்குதுன்னு சொன்னீங்களே. மங்கைய அங்க சேத்து வுடுங்க. பாய் சரக்கெடுக்கப் போம்போது கூட்டிக்கினு போவட்டும்."

இதுதான் இரண்டாவது தடவை.

பள்ளிக்கூடம் திறந்ததும் என் வீட்டுக்காரர் அழைத்துக்கொண்டு போனார். ஹாஸ்டலில் அந்தச் சர்ட்டிபிகேட்டு இந்தச் சர்ட்டிபிகேட்டு என்று கேட்டார்கள், பேசிச் சேர்த்துவிட்டார். அதற்கு முதல் நாள் தங்கராசு பயந்துபோய் என் கடை வாசலில் உட்கார்ந்திருந்தான். "ஆண்டே கேட்டா இன்னா சொல்றது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

"நான் சொல்லிக்கிறேன்" என்றாள் நாகம்மாள்.

மங்கை பஸ் ஏறினபோது அழுதாள். நாகம்மாள் அழவில்லை. லீவுக்குக்கூட இங்கே வரவேண்டாம், நானே வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினாள். பெற்றவள் சொல்கிற பேச்சா என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

இரண்டு நாள் மங்கைக்குக் காய்ச்சல் என்று கோவிந்தசாமி வீட்டில் நினைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் அவரே கிணற்றடிக்கு வந்தார். கடையிலிருந்து பார்த்தால் கிணற்றடி நன்றாகத் தெரியும், பேச்சும் கேட்கும். நாகம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். கூரைக்குக் கீழே பல்பு பகலிலும் எரிந்துகொண்டிருந்தது, தங்கராசு அணைக்க மறந்திருப்பான்.

"உன் பொண்ணு எங்க? ரெண்டு நாளா ஆளையே காணோம். வூட்ல தேடுறாங்க" என்றார் கோவிந்தசாமி.

நாகம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். நிமிர்ந்தாள்.

"அது போற கரண்டுங்க" என்றாள். "இங்க எறங்காது."

சொல்லிவிட்டு, மாட்டைப் பிடித்துக் கட்டப் போனாள்.